துபாயா, அபுதாபியா, ஷார்ஜாவா? அமீரகத்தில் மேட்ச் பார்க்க எந்த மைதானம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் சர்வதேச கிரிக்கெட் நடக்கும் பெரிய மைதானங்கள் மூன்று. ஷார்ஜாவில் தொடங்கி துபாய் வழியாக அபுதாபி மைதானம் வரை மொத்தம் சுமார் 150 கிலோமீட்டருக்குள் மூன்றும் அடங்கிவிடும். அதனால் எதில் பார்த்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பிட்ச், எல்லைக்கோட்டின் தூரம், இருக்கைக்கு மேல் கூரை, இரவு பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பும் வழி எல்லாமே மூன்றிலும் வேறு வேறு. டிக்கெட்டை வாங்கிவிட்டு மைதானம் எங்கே என்று தேடுகிறவர்கள்தான் இந்த வித்தியாசத்துக்கு விலை கொடுக்கிறார்கள்.

மைதானத்தைத் தேர்வு செய்வதற்கு முன்னால் மாதத்தைப் பார்த்துவிடுவது நல்லது. செப்டம்பரில் சூரியன் இறங்கிய பிறகும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். 2025 ஆசியக் கோப்பையில் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டங்களை வெயிலுக்காகவே ஆறரைக்குத் தள்ளினார்கள். சென்னைக்காரர்களுக்கு இந்தப் புழுக்கம் புதிதல்ல, கைக்குழந்தையும் பெரியவர்களும் உடன் வந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பருவம் அருமை. அமீரகத்தின் சொந்த டி20 தொடரான ஐஎல் டி20 லீக் நடப்பது இந்தக் காலத்தில்தான். ஜனவரி இரவுகளில் காற்று அடித்தால் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும், அதுவும் திறந்தவெளிப் புல்மேட்டில் உட்கார்ந்தால் கட்டாயம். அக்டோபரும் நவம்பரும் இடைப்பட்ட மாதங்கள். உடம்புக்குச் சுகம், ஆட்டத்துக்குச் சிக்கல். காரணம் பனி.

பகலில் காய்ந்த தரை இரவில் வேகமாகச் சூட்டை இழக்கும்போது, வளைகுடாவின் ஈரக்காற்று புல்நுனியில் நீர்த்துளியாகப் படிகிறது. பந்து நனைந்தால் சுழற்பந்து வீச்சாளரின் விரலுக்குப் பிடிமானம் போய்விடும். பந்து திரும்பாமல் வழுக்கிக்கொண்டு மட்டைக்கு நேராக வரும். 2021 டி20 உலகக் கோப்பையில் துபாயில் நடந்த 13 ஆட்டங்களில் 12-ஐ இரண்டாவதாக ஆடிய அணியே வென்றது. விதிவிலக்கு, ஸ்காட்லாந்துக்கு எதிராக முதலில் ஆடி வென்ற நியூசிலாந்து மட்டும். பார்வையாளருக்கு இதன் பொருள், சில இரவுகளில் டாஸ் போட்டவுடன் பாதி சுவாரசியம் தீர்ந்துவிடும் என்பதுதான். அதற்காகப் பனியை மட்டும் நம்பியும் கணிக்க முடியாது. 2022 செப்டம்பரில் அதே துபாயில் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கை முதலில் ஆடி 170 எடுத்து, பாகிஸ்தானை 23 ரன்னில் வீழ்த்தியது. பிப்ரவரி, மார்ச்சில் பனித் தொல்லை பெரிதாக இருக்காது.

துபாய்: வசதி அதிகம், கூட்டமும் அதிகம்

துபாய் ஸ்போர்ட்ஸ் சிட்டிக்குள் 2009-ல் திறந்த மைதானம் இது. 25,000 பேர் அமரலாம். விளக்குக் கம்பங்களே கிடையாது. வட்டக் கூரையின் விளிம்பைச் சுற்றி 350 விளக்குகள் பதித்திருக்கிறார்கள், ‘நெருப்பு வளையம்’ என்று பெயர். பார்ப்பவர்களுக்கு இது வசதி. களத்தில் நிழல் நான்கு பக்கமும் நீளாது, கம்பம் எதுவும் கண்ணை மறைக்காது. ஃபீல்டர்களுக்குத்தான் தலைவலி. உயரப் போன பந்து இறங்கி வரும்போது அந்த வளையத்தின் ஒளிக்குள் புகுந்து மறைந்துவிடும். 2025 ஆசியக் கோப்பையில் இந்திய அணி கேட்ச்சுகளைத் தொடர்ந்து தவறவிட்டபோது, இந்த விளக்கு வளையம் பார்வைக்கு நேராக வருவதைப் பற்றி வருண் சக்கரவர்த்தி வெளிப்படையாகவே பேசினார். டீப் மிட்விக்கெட் பக்கம் இருக்கை கிடைத்தால் தூக்கி அடித்த ஒவ்வொரு பந்திலும் இந்த நாடகத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

பிட்ச் மெதுவானது. ஒருநாள் ஆட்டத்தில் 350 ரன் பார்க்கும் ஆசையோடு போகாதீர்கள். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா தன் ஐந்து ஆட்டங்களையும் இங்கேதான் ஆடியது. ஐந்திலும் எந்த அணியும் 270-ஐத் தொடவில்லை. நியூசிலாந்துக்கு எதிராக வருண் 42 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தது இந்த மண்ணில்தான், இந்தியா நான்கு சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கியதும் இதை நம்பித்தான். சுழற்பந்தை ரசிக்கிறவர்கள் ஆடுகளத்துக்கு நேர் பின்னால், மேல் அடுக்கில் இடம் பிடிக்க வேண்டும். பந்து காற்றில் நகர்வதும் தரையில் திரும்புவதும் அங்கிருந்துதான் தெரியும். பக்கவாட்டு இருக்கையில் வேகமும் பவுன்ஸும் தெரியும், திருப்பம் தெரியாது. திரையில் ரீப்ளே பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

சென்னை ரசிகர்களுக்கு இந்த மைதானத்தோடு ஒரு கணக்கு உண்டு. 2021 அக்டோபர் 15-ல் கொல்கத்தாவை 27 ரன்னில் வென்று சூப்பர் கிங்ஸ் ஐபிஎல் கோப்பையைத் தூக்கியது இங்கேதான். அதற்கு ஐந்து நாள் முன்பு முதல் தகுதிச்சுற்றில் தோனி 6 பந்தில் 18 ரன் அடித்து முடித்து வைத்ததும் இதே இடம்.

இனி போக்குவரத்து. துபாய் மெட்ரோ ஸ்போர்ட்ஸ் சிட்டிக்குப் போகாது. பச்சை வழித்தடத்தில் ‘ஸ்டேடியம்’ என்று ஒரு நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கிவிடாதீர்கள். அது ஊரின் மறுகோடியில், அல் குசைஸ் பக்கம் உள்ள கால்பந்து மைதானத்தின் பெயரால் வந்தது. சரியான வழி, சிவப்பு வழித்தடத்தில் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் அல்லது துபாய் இன்டர்நெட் சிட்டி நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிப்பது. சாதாரண நாளில் கால் மணி, இருபது நிமிடம். இந்தியா ஆடும் நாளில் ஹெஸ்ஸா தெருவும் ஷேக் முகமது பின் சையது சாலையும் திணறும், அப்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாயில்களை ஆட்டத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே திறப்பார்கள். கடைசி அரை மணியில் வந்து சேர்பவர்கள்தான் வரிசையில் நின்றபடி முதல் ஓவரின் கூச்சலை மட்டும் கேட்பார்கள்.

திரும்புவது இன்னும் கஷ்டம். ஆட்டம் முடிந்த அந்த நிமிடம் எல்லோரும் செயலியில் டாக்சி தேடுவதால் கட்டணமும் ஏறும், வண்டியும் கிடைக்காது. பரிசளிப்பு முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலை விட்டு நன்றாகத் தள்ளி நடந்து, அங்கிருந்து வண்டியை அழைத்தால் ஓட்டுநரும் நெரிசலுக்குள் மாட்டாமல் வருவார். மெட்ரோவை நம்பித் திரும்புகிறவர்கள் அன்றைய கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் நள்ளிரவோடு சேவை முடிந்துவிடும்.

அபுதாபி: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

ஷேக் சையது கிரிக்கெட் மைதானம் 2004-ல் வந்தது. கொள்ளளவு 20,000. ஆனால் அதில் ஒரு பெரும்பகுதி நாற்காலியே அல்ல, புல்மேடு. இரண்டு பெரிய ஸ்டாண்டுகளுக்கு நடுவே இரு பக்கமும் சரிந்து கிடக்கும் பசும்புல்லில் விரிப்பைப் போட்டு உட்காரலாம். பிள்ளைகள் உருண்டு விளையாடலாம். மூன்றரை மணி நேரம் ஒரே நாற்காலியில் ஆறு வயதுக் குழந்தையை உட்கார வைக்க முடியாது என்பதைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். குறை, புல்மேட்டில் கூரை இல்லை. மாலை நான்கு மணி ஆட்டமென்றால் சூரியன் இறங்கும் வரை வேக வேண்டும். ஆடுகளங்களைப் பொதுவாக வடக்கு தெற்காகவே போடுவார்கள், ஆகவே மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முதுகில் படும், கண்ணில் படாது. டிக்கெட் வரைபடத்தில் திசை போட்டிருக்க மாட்டார்கள். கைபேசி வரைபடத்தில் மைதானத்தைத் திறந்து எந்த ஸ்டாண்டு எந்தத் திசை என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

களம் விரிந்தது, எல்லை தூரம். இரண்டு ரன், மூன்று ரன் ஓடுவதையும் ஃபீல்டர்கள் பாய்வதையும் அதிகம் பார்க்கலாம். டெஸ்ட் காலத்தில் இங்கே பிட்ச் இரு முகம் காட்டியிருக்கிறது. 2010-ல் டி வில்லியர்ஸ் ஆட்டமிழக்காமல் 278 எடுத்தார். 2012 ஜனவரியில் 145 என்ற சின்ன இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 72-க்குச் சுருண்டது. டி20-யில் வேறு கதை. 2025 ஆசியக் கோப்பையில் இலங்கையின் வெல்லாலகே வீசிய கடைசி ஓவரில் ஆப்கானிஸ்தானின் முகமது நபி ஐந்து சிக்ஸர் அடித்தார். அப்படியும் இலங்கை 170 இலக்கை ஆறு விக்கெட் மிச்சத்தில் எட்டிவிட்டது.

பத்து ஓவர் ஆட்டமான டி10 லீக்கும் 2019 முதல் இங்கேதான். ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம்தான். ஒரே மாலையில் அடுத்தடுத்து ஆட்டங்கள் வைப்பார்கள். கிரிக்கெட்டாக அதன் மதிப்பு குறைவுதான், பந்து வீச்சாளருக்கு அதில் வேலையே இல்லை. முதன்முறை மைதானத்துக்கு வரும் குழந்தைக்கு அது சரியான அளவு.

இங்கும் பெயர்க் குழப்பம் உண்டு. டாக்சியில் ஏறி ‘சையது ஸ்டேடியம்’ என்று மட்டும் சொன்னால் சையது ஸ்போர்ட்ஸ் சிட்டியில் உள்ள கால்பந்து மைதானத்தில் இறக்கிவிட வாய்ப்புண்டு. ‘கிரிக்கெட்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லி, வரைபடத்தையும் காட்டுங்கள். இரண்டாவது குழப்பம் பேருந்து. துபாய் இப்ன் பதூதாவிலிருந்து கிளம்பும் ஈ101 பேருந்து 25 திர்ஹாமுக்கு அபுதாபி கொண்டு சேர்க்கும், ஆனால் நகரத் தீவுக்குள் உள்ள மையப் பேருந்து நிலையத்தில்தான் விடும். மைதானமோ தீவுக்கு வெளியே, கலீஃபா சிட்டி பக்கம். வந்த வழியிலேயே டாக்சியில் திரும்பிப் போக வேண்டும். முசஃபா ஷாபியா போகும் பேருந்தில் ஏறினால் இந்தச் சுற்று குறையும். இரவில் துபாய் திரும்பும் எண்ணம் இருந்தால் வாடகைக் காரோ நண்பரின் காரோ இல்லாமல் இங்கே வராதீர்கள். அபுதாபியிலேயே தங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. விமான நிலையமும் பக்கம், அரை மணி நேரத்துக்குள்தான்.

ஷார்ஜா: பழைய கொட்டகை, நல்ல காட்சி

மூன்றில் சிறியது, பழையது, வசதி குறைந்தது. தொழிலதிபர் அப்துல் ரஹ்மான் புகாதிர் தொழிற்பேட்டை ஓரத்தில் எழுப்பிய மைதானம். 1984-ல் முதல் ஆசியக் கோப்பை இங்கே நடந்தது. உலகில் வேறெந்த மைதானத்தையும்விட அதிகமாக, 240-க்கும் மேற்பட்ட ஒருநாள் சர்வதேச ஆட்டங்கள் நடந்த இடம் இது. 1986-ல் சேத்தன் சர்மாவின் கடைசிப் பந்தை மியாந்தத் சிக்ஸருக்கு அனுப்பியது, 1998 ஏப்ரலில் மணற்புயலுக்கு நடுவே சச்சின் 143, இரண்டு நாள் கழித்துத் தன் 25-வது பிறந்தநாளில் 134, 2000-ல் ஜெயசூர்யாவின் 189-க்குப் பதிலாக இந்தியா 54-க்கு ஆல் அவுட். தொலைக்காட்சியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த ஊரின் பெயரே கிரிக்கெட்டால்தான் தெரியும்.

இருக்கைகள் களத்துக்கு நெருக்கம். மட்டையில் பந்து படும் ஓசையும் விக்கெட் கீப்பரின் குரலும் காதில் விழும். துபாயின் மேல் அடுக்கில் இது கிடைக்காது. எல்லைக்கோடு சின்னது. 2020 ஐபிஎல்லில் ராஜஸ்தான் 224 இலக்கை எட்டியது இங்கேதான். காட்ரெலின் ஒரே ஓவரில் திவாட்டியா ஐந்து சிக்ஸர் அடித்த ஆட்டம் அது.

சின்ன மைதானம், அதனால் ரன் மழை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அடுத்த வருடமே அதே இடத்தில் கொல்கத்தா 136 ரன் இலக்கில் 123-க்கு ஒரு விக்கெட் என்று இருந்து, ஏழு ரன்னுக்குள் ஆறு விக்கெட்டைக் கொடுத்து, கடைசிக்கு முந்தைய பந்தில் திரிபாதி அடித்த சிக்ஸரால்தான் தப்பியது. பிட்ச் மெதுவாகி, பந்து தாழ்ந்து வரும் நாட்களில் எல்லை எவ்வளவு பக்கம் இருந்தாலும் மட்டை பந்தைச் சரியாகச் சந்திக்காது. ரன்மழையோ சேற்றில் நடப்பதுபோன்ற துரத்தலோ, எது கிடைக்கும் என்பது அந்த வாரம் எத்தனை ஆட்டம் அந்தப் பிட்ச்சில் ஏற்கெனவே நடந்தது என்பதைப் பொறுத்தது. தொடரின் முதல் ஆட்டத்துக்கும் ஐந்தாவது ஆட்டத்துக்கும் தேர்வு இருந்தால், சிக்ஸர் விரும்புகிறவர்கள் முதலாவதை எடுங்கள்.

பெரிய அணிகள் இங்கே அதிகம் வருவதில்லை. அதுவே இதன் பலம் என்று சொல்லலாம். 2025 மே மாதத்தில் வங்கதேசத்தின் 205-ஐத் துரத்தி வென்ற அமீரக அணி, அந்தத் தொடரையே 2-1 என்று கைப்பற்றியது இங்கேதான். அதே ஆண்டு செப்டம்பரில் நேபாளம் வெஸ்ட் இண்டீஸை 83-க்குச் சுருட்டித் தொடரை வென்றதும் இங்கேதான். நேபாளமோ ஆப்கானிஸ்தானோ ஆடும் நாளில் ஸ்டாண்டில் இருப்பவர்கள் அமீரகத்தில் வேலை செய்யும் அந்நாட்டுத் தொழிலாளர்கள். அந்தக் கூட்டத்தின் சத்தத்துக்கு எந்த இறுதியாட்டமும் ஈடாகாது. அமீரக அணியிலும் நம் ஊர் ஆள் உண்டு. 2022 டி20 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த லெக் ஸ்பின்னர் கார்த்திக் மெய்யப்பன் சென்னையில் பிறந்தவர்.

கழிப்பறை, உணவுக் கடை, நிழல் என்று பார்த்தால் மற்ற இரண்டுக்கும் ஷார்ஜா கீழேதான். சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம். ஷார்ஜா அமீரகத்தில் மதுவுக்கு முழுத் தடை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

துபாயிலிருந்து போகிறவர்களுக்கு நெரிசல்தான் எதிரி. துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு என்று வாழும் பெருங்கூட்டம் மாலை நான்கரை முதல் எட்டு மணி வரை அல் இத்திஹாத் சாலையில் வீடு திரும்பும். ஆறரை மணி மேட்சுக்கு நீங்கள் போவதும் அதே திசை, அதே நேரம். வேலை நாளென்றால் மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள். யூனியனிலிருந்து ஈ303 பேருந்தும், முன்பு சொன்ன அந்த ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்திலிருந்து ஈ308 பேருந்தும் ஷார்ஜாவின் அல் ஜுபைல் நிலையத்துக்குப் போகின்றன. துபாய் மைதானத்துக்கு உதவாத அந்த நிலையம் ஷார்ஜா மைதானத்துக்கு உதவுகிறது! ஜுபைலிலிருந்து மைதானத்துக்கு டாக்சி. துபாய் டாக்சியில் நேராகப் போனால் மீட்டருக்கு மேல் 20 திர்ஹாம் கூடுதல். திரும்பும்போது ஷார்ஜா டாக்சிதான் கிடைக்கும். இரவு பதினொரு மணிக்குச் சாலை காலியாக இருக்கும் என்பதால் திரும்பும் பயணம் மூன்று மைதானங்களிலும் இங்கேதான் எளிது.

டிக்கெட், காசு, கெடுபிடி

மூன்று இடத்துக்கும் டிக்கெட் இணையத்தில்தான். கைபேசிக்குக் க்யூஆர் குறியீடு வரும். அந்தக் குறியீட்டை யாரோ அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காதீர்கள். ஒரே குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்கலாம், வாயிலில் முதலில் காட்டுபவருக்குத்தான் கதவு திறக்கும்.

விலை ஆட்டத்தைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். 2025 சாம்பியன்ஸ் டிராபியின் துபாய் ஆட்டங்களுக்குத் தொடக்க விலை 125 திர்ஹாம். இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்துக்கு இணைய வரிசையில் நின்றவர்களுக்கே தெரியும், அந்த விலையில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று. ஆசியக் கோப்பையில் அந்த ஆட்டத்தைத் தனியாக விற்காமல் பிற ஆட்டங்களோடு தொகுப்பாகவும் விற்றார்கள். மறுபக்கம், 2024 அக்டோபரில் துபாயிலும் ஷார்ஜாவிலும் நடந்த மகளிர் டி20 உலகக் கோப்பைக்கு 5 திர்ஹாமில் டிக்கெட் தொடங்கியது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். காசுக்கு ஏற்ற கிரிக்கெட் என்றால் இதைவிட நல்ல பேரம் அமீரகத்தில் வந்ததில்லை. அப்படி மீண்டும் அமைந்தால் விடாதீர்கள்.

செல்ஃபி குச்சி, குடை, பெரிய கேமரா, லேசர், பட்டாசு, அனுமதியில்லாத பதாகை எதுவும் உள்ளே போகாது. வெளியே போனால் மீண்டும் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே காரில் மறந்ததை எடுக்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். களத்துக்குள் குதிப்பது நம்மூரில் மறுநாள் செய்தித்தாள் படத்தோடு முடியலாம். அங்கே 5,000 முதல் 30,000 திர்ஹாம் வரை அபராதமும் சிறையும் உண்டு.

எதை எடுப்பது

உங்கள் அணி துபாயில் ஆடுகிறது, அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் கேள்வியே இல்லை, துபாய். அணி முக்கியமில்லை, அமீரகத்தில் இருக்கும் நாட்களில் ஒரே ஒரு மேட்ச் பார்க்க வேண்டும் என்றால் ஷார்ஜாவை எடுங்கள், யார் ஆடினாலும் பரவாயில்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ அபுதாபி புல்மேட்டை எடுக்கலாம், அதே பிள்ளைகளோடு செப்டம்பர் என்றால் மட்டும் துபாயில் கூரைக்குக் கீழ் வரும் மேல்வரிசை. கீழ் அடுக்கின் முன்வரிசைகளுக்குக் கூரையின் நிழல் போதாது.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விமானமும் முடிவைத் தீர்மானிக்கும். கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஷார்ஜாவுக்கே நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து துபாய்க்கும் அபுதாபிக்கும் உண்டு. ஐஎல் டி20 நடக்கும் வாரத்தில் ஷார்ஜாவில் இறங்கி அன்றோ மறுநாளோ அங்கே ஓர் ஆட்டம், பிறகு துபாயில் தங்கி இன்னொன்று என்று நான்கு நாளில் இரண்டு மைதானத்தை முடித்துவிடலாம். அறையை துபாயின் தேரா பக்கம் எடுங்கள். ஷார்ஜா பேருந்து கிளம்பும் யூனியன் நிலையம் அங்கேயே இருக்கிறது, சிவப்பு, பச்சை இரண்டு மெட்ரோ வழித்தடங்களும் அதில் சந்திக்கின்றன.